வேகத்தின் விலை யார் தலையில்?

“சீக்கிரம் போ!” என்கிறார் சரக்கு முதலாளி. “மெதுவாகப் போ!” என்கிறது சட்டம். இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே, இரவு இரண்டு மணிக்கு, சிவந்த கண்ணோடு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் தொழிலாளி. முதலாளியின் கட்டளையை மீறினால் அடுத்த லோடு கிடைக்காது. சட்டத்தின் கட்டளையை மீறினால் அபராதம். மீறிய நேரத்தில் குறுக்கே ஒரு சைக்கிள் வந்துவிட்டாலோ, சிறை!

நெடுஞ்சாலையில் வேக வரம்பைக் குறைப்பதா, கூட்டுவதா என்று உலக நாடுகள் பலவற்றில் வாதம் நடந்திருக்கிறது. பொறியாளர் பேசினார், பொருளாதாரப் பேராசிரியர் பேசினார், மந்திரி பேசினார், நீதிபதியும் பேசினார். ஸ்டீயரிங்கைப் பிடித்தவனை யாரும் கேட்கவில்லை. சாலையோரத்தில் நடந்து போகிறவனையும் கேட்கவில்லை. இவர்கள் இருவர் பக்கமிருந்தும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டாமா, தோழர்களே?

முதலில் நம் வீட்டுக் கணக்கு. 2018 ஏப்ரலில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விரைவுச்சாலையில் கார் மணிக்கு 120 கிலோமீட்டர் வரை போகலாம். நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் 100 வரை போகலாம். சரக்கு லாரிக்கு 80 என்றது அந்த அறிவிப்பு. சாலை விபத்தில் உடல் செயலிழந்த ஒருவரின் நஷ்டஈட்டு வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. அந்த வழக்கில், 2021-ல், நீதிமன்றம் அந்த அறிவிப்பையே ரத்து செய்தது. வேகத்தைக் கூட்டுவது சாவைக் கூட்டுவது என்ற கவலை அந்தத் தீர்ப்பில் இருந்தது. நல்ல சாலை போட்டுவிட்டோம், நல்ல எஞ்சின் வந்துவிட்டது, பிறகு ஏன் தடை என்பது அரசுத் தரப்பின் வாதம்.

எது சரி? கணக்கே சொல்லட்டும். 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை என்பது நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் செத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தேசிய நெடுஞ்சாலையிலும் விரைவுச்சாலையிலும் செத்தவர்கள். அதே ஆண்டில் நம் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 உயிர். விபத்துகளின் எண்ணிக்கையிலோ இந்தியாவிலேயே முதலிடம் நமக்கு!

செத்தவர்கள் யார்? 120 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் காருக்குள் இருந்தவர்களா? நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். நூற்றுக்கு 19 பேர் நடந்து போனவர்கள். இரண்டையும் கூட்டுங்கள். மில் ஷிப்டு முடிந்து வருகிறவன், சித்தாள் வேலைக்குப் போகிறவள், பால் கேனைக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போகிறவன், இவர்கள்தான் அந்தப் பட்டியல். வேகத்தை அனுபவிப்பவன் ஒருவன், அதற்கு உயிரைக் கொடுப்பவன் இன்னொருவன். ஊரை இரண்டாகப் பிளந்து நான்குவழிச் சாலை போட்டார்கள். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வயலும் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும். நடுவில் கடப்பதற்கு ஒரு சுரங்கப் பாதையோ மேம்பாலமோ கேட்டால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, சுற்றிப் போ என்கிறார்கள்.

அந்த அமைச்சகக் கணக்கில், பத்து விபத்துக்கு ஏழுக்கு மேல் “அதிவேகம்” என்று காரணம் எழுதியிருக்கிறது. இதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. டிரைவரின் வேகம் என்று எழுதிவிட்டால் போலீசுக்கு வழக்கு முடிந்தது. வளைவைத் தவறாகப் போட்ட காண்டிராக்டர் தப்பினான், விளக்குப் போடாத அதிகாரி தப்பினான், இருபது மணி நேரம் வண்டி ஓட்டவைத்த முதலாளியும் தப்பினான். இருந்தாலும், வேகம் கொல்லும் என்பதில் மட்டும் ஐயமில்லை. அதற்குப் போலீஸ் ரிக்கார்டு தேவையில்லை, பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. 80-ல் போனால் 22 மீட்டர். குறுக்கே ஒரு குழந்தை வருகிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு நொடி என்று வையுங்கள். காய்ந்த சாலை, நல்ல டயர், நல்ல பிரேக். 80-ல் வந்த கார் 57, 58 மீட்டரில் நின்றுவிடும். 100-ல் வந்த கார்? அதே இடத்தைத் தாண்டும்போது அது இன்னும் மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்! ஒரு கார் நின்றுவிட்ட இடத்தில் மற்றொரு கார் ஆளை அடித்துக் கொல்கிறது. இடையில் இருப்பது வெறும் 20 கிலோமீட்டர் வித்தியாசம். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது என்று பௌதிகம் படித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். 100-ஐ 80 ஆக்கினால் அந்த ஆற்றல் நூற்றுக்கு 36 பங்கு குறைகிறது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று ஏறினால் உயிர்ப்பலி விபத்து நூற்றுக்கு நான்கு ஏறும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது நல்ல சாலையும் நல்ல பிரேக்கும் உள்ள கதை. நம் மழைக்காலச் சாலையில், வழவழத்த டயரோடு, முழு லோடு ஏற்றிய லாரியின் கதையைச் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் வரம்பைக் குறைத்துவிட வேண்டியதுதானே, இதில் என்ன வாதம் என்று கேட்கலாம். இங்கேதான் அமெரிக்காவின் கதை நமக்கு உதவுகிறது. கோடீசுவரர்களின் நாடு, கார்களின் நாடு அது. அந்த நாடே ஒரு காலத்தில் தன் சாலைகள் முழுவதற்கும் வேகத்தைக் குறைத்தது. இருபத்தொரு ஆண்டுக்காலம் அந்தச் சட்டம் இருந்தது.

1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் போர். அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் மைல் நீளத்துக்குக் கார்கள் வரிசை கட்டின. நிக்சன் ஆட்சி கையைப் பிசைந்தது. 1974 ஜனவரி 2-ம் நாள் ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று: நாடு முழுவதும் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக்கூடாது. நம் கணக்கில் 88 கிலோமீட்டர். அதுவரை 70 மைல், 75 மைல் என்று போய்க்கொண்டிருந்த மாநிலங்கள் பல. மேற்கே ஓரிரு மாநிலங்களில் பகல் நேரத்தில் வரம்பே கிடையாது. வரம்பைக் குறைக்காத மாநிலத்துக்குச் சாலைப் பணம் கிடையாது என்று வாஷிங்டன் கண்டிப்பாகச் சொன்னது. எல்லா மாநிலங்களும் பணிந்தன.

சட்டம் எண்ணெய்க்காக வந்தது, உயிருக்காக அல்ல! ஆனால் நடந்தது என்ன? 1973-ல் அமெரிக்கச் சாலைகளில் மாண்டவர் 54,000-க்கும் அதிகம். 1974-ல் அது 45,000 அளவுக்கு இறங்கியது. ஒரே ஆண்டில் ஏறத்தாழ 9,000 பேர் குறைவு! எல்லாம் வேகம் குறைந்ததால்தான் என்று சொல்லமாட்டோம். பெட்ரோல் கிடைக்காததால் வண்டியை வீட்டிலேயே நிறுத்தியவர்களும் ஏராளம். பத்தாண்டு கழித்து, 1984-ல், அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் குழு அமைதியாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. மற்றக் காரணங்களையெல்லாம் கழித்த பிறகும், இந்த வரம்பால் ஆண்டுக்கு 2,000 முதல் 4,000 உயிர் பிழைக்கிறது என்று அந்தக் குழு கூறியது. மிச்சமான எண்ணெயோ நூற்றுக்கு ஓரிரு பங்குதான். எண்ணெய்க்காகப் போட்ட சட்டம் எண்ணெயைப் பெரிதாகக் காக்கவில்லை, ஆளைக் காத்தது.

எதிர்த்தவர்கள் அதே அறிக்கையிலிருந்து வேறொரு கணக்கை எடுத்துக் காட்டினார்கள். மெதுவாகப் போவதால் நாட்டு மக்கள் ஆண்டுக்கு நூறு கோடி மணி நேரத்தைச் சாலையில் அதிகமாகச் செலவிடுகிறார்கள்! ஓர் உயிரைக் காக்க நாற்பது ஆண்டு நேரம் வீணாகிறது! கேட்பதற்கு மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பங்கு போட்டுப் பாருங்கள். அன்றைய அமெரிக்காவில் வண்டி ஓட்டியவர் 15 கோடிப் பேர். ஆளுக்கு ஆண்டுக்கு ஏழு மணி நேரம்கூட இல்லை. நாளைக்கு ஒரு நிமிடம்! கார் வைத்திருப்பவன் காலையில் ஒரு நிமிடம் தாமதமாகக் காப்பி குடிப்பதை, இடுகாட்டுக்குப் போகும் மனிதனோடு ஒரே தராசில் வைத்து நிறுக்கிறார்கள். இந்த நிறுவையை நாம் ஏற்கமாட்டோம்.

ஆனால் அந்த நாட்டில் வேறு ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். அவர்கள் இழந்தது ஒரு நிமிடமல்ல. லாரித் தொழிலாளர்கள்!

சொந்த லாரி என்று பெயர். லாரி கடனில் வாங்கியது. மாதத் தவணை கழுத்தை நெரிக்கும். கூலியோ மைல் கணக்கில். ஓடிய மைலுக்குத்தான் காசு, உழைத்த மணிக்கு அல்ல. ஒரு நாளைக்கு 500 மைல் ஓட வேண்டும் என்று வையுங்கள். 70 மைல் வேகத்தில் ஏழு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் போதும். 55 மைலில் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டும். இரண்டு மணி நேர உழைப்பு, சல்லிக்காசு கூடுதல் கூலியில்லாமல்! அல்லது அதே ஏழு மணி நேரம் ஓட்டினால், நூறு டாலர் சம்பாதித்த இடத்தில் 79 டாலர். அதோடு டீசல் விலையும் மடமடவென்று ஏறிக்கொண்டிருந்தது.

கொதித்தெழுந்தார்கள். சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததுமே, 1973 டிசம்பரில், நெடுஞ்சாலைகளின் குறுக்கே லாரிகளை நிறுத்தினார்கள். மைல் கணக்கில் போக்குவரத்து நின்றது. லாரியில் வைத்திருந்த சிறு வானொலிப் பெட்டிதான் அவர்களுக்குச் சங்க அலுவலகம். ஒருவன் பேசினான், நூறு பேர் கேட்டார்கள், ஆயிரம் லாரி நின்றது. 1974 ஜனவரி இறுதியில் தொடங்கி பிப்ரவரியில் பதினோரு நாள் வேலைநிறுத்தம். கடைகளில் இறைச்சியும் காய்கறியும் குறைந்தன. ஆலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. ஓடிய லாரிகள் மீது கல்லும் துப்பாக்கிக் குண்டும் பாய்ந்தன, உயிரும் போயிற்று. பல மாநிலங்களில் காவல்படை சாலைக்கு வந்தது. தொழிலாளி மீது தொழிலாளி சுட்ட அந்தப் பகுதியை நாம் மெச்சிப் பேசப்போவதில்லை.

முடிவு என்ன? வேக வரம்பு போகவில்லை, 55 அப்படியே நின்றது. ஆனால் டீசல் விலையைச் சிறிது காலம் ஏறாமல் நிறுத்தி வைத்தார்கள். சரக்குக் கூலியின் மேல் நூற்றுக்கு ஆறு பங்கு கூடுதல் வாங்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. இதைக் கவனியுங்கள், தோழர்களே! அந்த ஆறு பங்கு எண்ணெய் விலைக்காகத் தரப்பட்டது. ஆனால் அது காட்டிய வழி பெரிது. சாலையில் ஏறும் செலவைச் சரக்கு அனுப்புகிறவன் மேல் ஏற்ற முடியும் என்பதை, அரசே ஒரே உத்தரவில் செய்து காட்டிவிட்டது. வேகத்தைக் குறைத்ததால் போன இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் யாரும் விலை பேசவில்லை. அது டிரைவரின் முதுகிலேயே தங்கியது.

அதனால் அந்தச் சட்டம் மதிப்பிழந்தது. வானொலிப் பெட்டியில் “ஸ்மோக்கி வருகிறான்” என்று சங்கேதம் சொல்லிக்கொண்டார்கள். ஸ்மோக்கி என்றால் போலீஸ்காரன். அவன் தொப்பி, வனத்துறை விளம்பரத்தில் வரும் கரடியின் தொப்பி மாதிரி இருந்ததாம்! காரில் போன கனவான்களும் அந்தப் பெட்டியை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல 55 என்ற பலகையைப் பார்த்து 65-ல் போவது வழக்கமாயிற்று. 1987-ல் ஊர்ப்புற நெடுஞ்சாலைகளில் 65 மைலுக்கு வழிவிட்டார்கள். 1995 நவம்பரில் கிளிண்டன் கையெழுத்தில் தேசிய வரம்பே ஒழிந்தது. பிறகு? அடுத்த பத்தாண்டுகளில் வேக வரம்பு ஏறியதால் மட்டும் 12,545 பேர் கூடுதலாக மாண்டனர் என்று ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு கணித்தது.

பிரான்சிலும் ஒரு பாடம் உண்டு. 2018 ஜூலையில், நடுவே தடுப்பில்லாத இருவழிச் சாலைகளில் 90 கிலோமீட்டரை 80 ஆக்கினார்கள். அதனால் ஏற்பட்ட தாமதம் சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஒரு நொடி. முதல் இருபது மாதத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட உயிர் பிழைத்ததாக அரசுப் பொறியியல் நிறுவனம் கணக்குக் காட்டியது. நல்ல காரியம்தான். ஆனால் ரயிலும் பஸ்சும் இல்லாத கிராமத்திலிருந்து தினம் காரில் வேலைக்குப் போகிறவனுக்கு, எண்ணெய் வரியும் இதுவும் சேர்ந்து, பாரிசில் உட்கார்ந்திருப்பவர்கள் போட்ட அபராதமாகப் பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் மஞ்சள் அங்கிக்காரர்கள் தெருவுக்கு வந்தபோது, சாலையோர வேகக் காமிராக்களைக் கூட்டம் கூட்டமாக உடைத்தார்கள். 2019 இறுதியில், விரும்பிய மாவட்டங்கள் 90-க்குத் திரும்பிக்கொள்ளலாம் என்று அரசு இறங்கி வந்தது.

இனி நம் சாலைக்கு வருவோம். நம் லாரி டிரைவருக்குப் பெரும்பாலும் டிரிப் கணக்கு, படிக்காசுக் கணக்கு. டிரிப் முடிந்தால் காசு. எத்தனை மணி நேரத்தில் முடிந்தது என்பதை எழுத யார் வீட்டிலும் நோட்டுப் புத்தகம் இல்லை. லோடு ஏற்றும் இடத்தில் அரை நாள் காத்திருப்பான். இறக்கும் இடத்தில் குடோன் திறக்கவில்லை என்று ஓர் இரவு காத்திருப்பான். அதற்கெல்லாம் கூலி கிடையாது. இப்படிக் குடோன் வாசலில் இழந்த நேரத்தைச் சாலையில் மீட்கத்தான் அவன் ஆக்சிலேட்டரை மிதிக்கிறான். வேகத்தின் வேர் அங்கே இருக்கிறது. போலீஸ்காரரோ இந்தப் பக்கம் சுங்கச் சாவடியில் நிற்கிறார்!

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1961-ம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதி வைத்தது. தொலைதூர வண்டிக்கும் நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. அறுபது ஆண்டுகளில் எத்தனை லாரி டிரைவர் எட்டு மணி நேரம் முடிந்ததும் சாவியைக் கழற்றிவைத்துவிட்டுத் தூங்கினார்? 2015-ல் சரக்கு வண்டிகளுக்கு 80-க்கு மேல் போகமுடியாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தச் சொன்னார்கள். எஞ்சினுக்குப் பூட்டுப் போடத் தெரிந்தவர்களுக்கு, முதலாளியின் கெடுவுக்கு ஒரு பூட்டுப் போடத் தெரியவில்லை.

ஆகவே நாம் வேக வரம்பைக் குறைப்பதை எதிர்க்கவில்லை. வரவேற்கிறோம். ஊரை ஒட்டிப் போகும் நெடுஞ்சாலையில் கார் 120-ல் பறப்பதும், அதே சாலையில் லாரி 80-ல் போவதும், மொபெட் 40-ல் போவதும் கொலைக்களம். எல்லாருடைய வேகமும் ஒன்றுக்கொன்று நெருங்கி வரவேண்டும். சொகுசுக் காருக்குத்தான் முதலில் குறைக்க வேண்டும். கல்லூரியில் படித்த சிலர், வேகம் குறைந்தால் நாட்டின் உற்பத்தியே குறைந்துவிடும் என்று எழுதுகிறார்கள். சென்னையிலிருந்து திருச்சிக்கு 100-க்குப் பதில் 80-ல் போனால் அதிகமாவது முக்கால் மணி நேரம். அதைவிட நீண்ட நேரம் ஒரே ஒரு குடோன் வாசலில் லாரி நிற்பதை அவர்கள் உற்பத்தி நஷ்டம் என்று எழுதக் கண்டதில்லை.

ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்கு விலை உண்டு. சரக்கின் சொந்தக்காரன் அதைக் கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதைச் சட்டமாகவே செய்து பார்த்தார்கள். 2012-ல் அங்கே ஒரு தீர்ப்பாயம் அமைத்தார்கள். லாரிக்காரனுக்குக் கூலி குறைந்தால் வேகமும் தூக்கமின்மையும் சாவும் கூடும், ஆகவே குறைந்தபட்சக் கூலியைச் சாலைப் பாதுகாப்பின் பகுதியாகவே நிர்ணயிப்போம் என்பது அதன் அடிப்படை. பெரிய கம்பெனிகள் எதிர்த்தன. அவர்கள் எதிர்த்தது வியப்பில்லை. சொந்த லாரி ஓட்டிய சிறு ஆட்களே, கூலி ஏறினால் நமக்கு லோடு கிடைக்காமல் போகும் என்று அஞ்சி, கான்பெராவுக்கு லாரியோடு ஊர்வலம் போனதுதான் வேதனை. 2016 ஏப்ரலில் தீர்ப்பாயத்தைக் கலைத்துவிட்டார்கள். ஆனால் சங்கம் விடவில்லை. எட்டு ஆண்டு போராடி, 2024-ல், சாலைப் போக்குவரத்துக்குக் குறைந்தபட்ச நிபந்தனைகளை விதிக்கும் அதிகாரத்தை அந்நாட்டுத் தொழில் ஆணையத்திடம் புதிய சட்டத்தின் மூலம் பெற்றுத் தந்தது.

இங்கே லாரி வாடகைப் பேச்சு நடக்கும்போதெல்லாம் டீசல் விலையைப் பேசுகிறோம், சுங்கக் கட்டணத்தைப் பேசுகிறோம், டயர் விலையைப் பேசுகிறோம். அடுத்த முறை உட்காரும்போது இன்னும் மூன்றைச் சேர்த்துப் பேசுங்கள். லோடு ஏற்றும் சீட்டில் வண்டி வந்து நின்ற நேரமும் புறப்பட்ட நேரமும் எழுதப்பட வேண்டும். காத்திருக்கும் மணிக்குக் காசு வேண்டும். வேக வரம்புக்குள் ஓட்டினால் போய்ச்சேர முடியாத கெடுவைக் கொடுத்த முதலாளியின் பெயரும், விபத்து நடந்தால், டிரைவரின் பெயருக்குப் பக்கத்தில் முதல் தகவல் அறிக்கையில் வரவேண்டும்.